காம்பேக்டா, சப்காம்பேக்டா? குமரி மாவட்ட உரிமதாரர்களுக்குக் கைத்துப்பாக்கியின் அளவைத் தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

தக்கலைப் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், பல மாத விசாரணைக்குப் பின் கிடைத்த உரிமப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, இருக்கதுலயே சின்னதா ஒண்ணு வாங்கிரலாம்லா? வெளிய தெரியாதுல்லா?" ராணுவத்தில் ஆயுதக் கிடங்குப் பணியில் இருபது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர் எல்லோரும் அளவு குறையக் குறைய வசதி கூடும் என்றே நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. மறைப்பதற்கு எளிதான துப்பாக்கி, சுடுவதற்கும் கையாளுவதற்கும் பெரும்பாலும் கடினமானதாக இருக்கிறது. எந்த அளவு வரை சிறியது உங்களுக்குப் பொருந்தும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நீங்களே அளந்து முடிவு செய்ய உதவுவதற்காக இதை எழுதுகிறேன்.

உரிமம் பெற்றவர்களுக்கும், முறையாக விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கும் மட்டுமே இது பயன்படும். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை என்பதற்காகப் பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. கீரிப்பாறை, குலசேகரம் பக்கத்துத் தோட்டக்காரர்களின் சிரமத்தை நான் அறிவேன். ஆனால் .32 பிஸ்டல் அந்த வேலைக்கு உரிய கருவி அல்ல; வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடம் தராது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்

காம்பேக்ட், சப்காம்பேக்ட் என்பவை தயாரிப்பாளர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள். நம் படைக்கலச் சட்டத்திலோ உரிமப் புத்தகத்திலோ அந்தச் சொற்கள் வருவதில்லை. அங்கே பிஸ்டலா, தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமரும் ரிவால்வரா, எந்தக் காலிபர் (குழலின் உள்விட்ட அளவு) என்பது மட்டுமே எழுதப்படும். ஒரு குடும்பத்தின் மூன்று அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். கிளாக் 17 முழு அளவுத் துப்பாக்கி. அதன் குழல் 114 மி.மீ., மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 17 தோட்டாக்கள். கிளாக் 19 காம்பேக்ட். குழல் 102 மி.மீ., 15 தோட்டாக்கள். கிளாக் 26 சப்காம்பேக்ட். குழல் ஏறத்தாழ 87 மி.மீ., 10 தோட்டாக்கள். உயரத்தைப் பார்த்தால் 19-க்கு 128 மி.மீ., 26-க்கு 106 மி.மீ. என்று வருகிறது. அதாவது 19-இலிருந்து 26-க்கு வரும்போது குழல் ஒன்றரை செ.மீ. சுருங்குகிறது, பிடி இரண்டு செ.மீ.க்கு மேல் சுருங்குகிறது. இந்தப் பிடியின் குறைவுதான் கதையின் மையம்; பின்னால் திரும்பத் திரும்ப இதற்கு வருவேன்.

மேற்சொன்ன மூன்றும் அளவை விளக்குவதற்கு மட்டுமே. அவை 9 மி.மீ. தோட்டாவுக்கானவை; அந்தக் காலிபர் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகையில் வருவதால், சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. இணையத்தில் அமெரிக்கர்கள் செய்யும் ஒப்பீடுகளைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான்.

நம் சட்டம் மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றி என்ன சொல்கிறது

இது பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம். துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பது குற்றம், வெளியே தெரிய வைத்திருப்பதுதான் நேர்மை என்று சிலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின் 32-ஆம் விதி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதற்கென வடிவமைக்கப்பட்ட ஹோல்ஸ்டரிலோ அது போன்ற உறையிலோ வைத்திருக்க வேண்டும் என்றும், துப்பாக்கி முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும், எடுத்துச் செல்பவர் அதன் மீது முழுக் கட்டுப்பாடு கொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திருமணம், ஊர்வலம், திருவிழா போன்ற இடங்களில் அதைக் காட்டுவதும் சுடுவதும் தடை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கொண்டாட்டத்தில் கவனக்குறைவாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே மூடி வைத்தல் என்பது இங்கே சட்டக் கடமை, விருப்பத்தின்பாற்பட்டதன்று. அதே விதி கட்டுப்பாட்டையும் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் குட்டித் துப்பாக்கியும், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பூட்டி வைத்துவிட்டு வடசேரிச் சந்தைக்குள் போய்விடும் துப்பாக்கியும் இந்த விதியின் நோக்கத்துக்கு எதிரானவை. அளவைத் தேர்ந்தெடுக்கும்போது மூடல், கட்டுப்பாடு ஆகிய இரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் கைக்கு எட்டுபவை எவை

தடை செய்யப்படாத காலிபர்களில் தற்காப்புக்காகப் பெரும்பாலோர் வாங்குவது .32 தான். பிஸ்டல் என்றால் 7.65 மி.மீ. பிரவுனிங் எனப்படும் .32 ஏ.சி.பி. தோட்டா, ரிவால்வர் என்றால் .32 எஸ். அண்ட் டபிள்யூ. லாங். இரண்டும் .32 என்றே அழைக்கப்பட்டாலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது; தோட்டா வாங்கும்போது இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் அரசு தொழிற்சாலைத் தயாரிப்பான அஷானி பிஸ்டல், கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர்கள், 2014-இல் வந்த எடை குறைந்த நிர்பீக் ரிவால்வர், 2023-இல் வந்த பிரபல் ரிவால்வர் ஆகியவை உண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியாள் இறக்குமதி செய்வது 1980-களிலிருந்தே பொதுவாகத் தடுக்கப்பட்டுவிட்டதால், அதற்கு முன் நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன; அவற்றின் விலை அவற்றின் தரத்தோடு தொடர்பில்லாமல் ஏறிக் கிடக்கிறது.

அந்தப் பழைய துப்பாக்கிகளில்தான் நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடை இருக்கிறது. வால்தர் பி.பி. 1929-இல் வந்தது, அதையே சுருக்கிச் செய்த பி.பி.கே. 1931-இல் வந்தது. பி.பி.யின் மொத்த நீளம் 170 மி.மீ., பி.பி.கே.யின் நீளம் 155 மி.மீ. தோட்டா 8-க்குப் பதில் 7. பிடி ஏறத்தாழ ஒரு செ.மீ. குட்டை. எடை சுமார் 660 கிராமிலிருந்து 590 கிராம் அளவுக்கு இறங்குகிறது. இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம். 1910 மாடல் சிறிய துப்பாக்கி. குழல் 87 மி.மீ. அளவு, 7 தோட்டா. ராணுவ, காவல் பணிக்கு அது போதவில்லை என்றதும் குழலை 113 மி.மீ. ஆக நீட்டி, பிடியை 9 தோட்டா கொள்ளும்படி வளர்த்து 1922 மாடலைச் செய்தார்கள். பணியில் தினமும் கையாள வேண்டியவர்கள் கேட்டு வாங்கியது பிடி நீண்ட துப்பாக்கியை என்பது சிந்திக்க வேண்டிய செய்தி.

குழலின் நீளம் எவ்வளவு முக்கியம்? ஒரு கணக்கு

சிறிய துப்பாக்கி குறி தவறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். துப்பாக்கியின் மேல் குறிபார்க்க உள்ள முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலான தூரம் குறைவதால் பிழை பெருகும் என்பது உண்மைதான். எவ்வளவு பெருகும் என்று பார்ப்போம். கிளாக் 19-இல் அந்த இடைவெளி சுமார் 153 மி.மீ., 26-இல் சுமார் 137 மி.மீ. முன் குறி ஒரு மி.மீ. விலகினால், 7 மீட்டர் தொலைவில் முதலாவதில் குண்டு சுமார் 46 மி.மீ. தள்ளிப் படும், இரண்டாவதில் சுமார் 51 மி.மீ. தள்ளிப் படும். வித்தியாசம் 5 மி.மீ.; ஒரு மிளகின் பருமன். தற்காப்பு என்று சொல்லத்தக்க நெருக்கத்தில் இதை ஒரு காரணமாகவே கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் சிறிய துப்பாக்கியில் குண்டுகள் சிதறுவது ஏன்? பிடிதான் காரணம். சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது மேகசினுக்கு அடியில் மடங்கித் தொங்கும்போது, கைப்பிடியின் வலிமையில் பெரும் பங்கு போய்விடுகிறது. மண்வெட்டி பிடிப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். காம்பை இறுக்குவது ஆள்காட்டி விரல் அல்ல, கடைசி இரண்டு விரல்கள். அவற்றில் ஒன்றை இழந்த கையில், ஒவ்வொரு சூட்டுக்கும் பின் துப்பாக்கி சிறிது புரண்டு நிற்கும். அடுத்ததற்கு முன் மறுபடி பிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. .32 ஏ.சி.பி. பிஸ்டல்கள் பெரும்பாலும் புளோபேக் முறையில் இயங்குபவை. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி வரும் உந்துதலை, ஸ்லைடு எனப்படும் முன்பின் நகரும் மேல்பாகத்தின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே தாங்குகின்றன. துப்பாக்கி சிறிதாகி ஸ்லைடின் எடை குறைந்தால், அந்தக் குறையை ஸ்பிரிங் ஈடுகட்ட வேண்டும். ஆகவே சிறிய பிஸ்டலின் ஸ்லைடை இழுப்பது பல நேரங்களில் பெரியதைவிடக் கடினம்; பிடித்து இழுக்க அதில் இடமும் குறைவு. வயதானவர்களும், மெலிந்த கை உள்ளவர்களும் "எனக்குச் சிறியது போதும்" என்று சொல்லி, தங்களால் இழுக்கவே முடியாத ஒன்றை வாங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ரிவால்வரே ஏற்றது. அதன் உருளை பருமனாக இருக்கும், இடுப்பில் சற்றுப் புடைக்கும். ஆனால் இழுக்க ஸ்லைடு இல்லை, மேகசின் சிக்கலும் இல்லை.

கையை அளக்கும் படி

டீலரிடம் போகும் நாளில் உரிமத்தை எடுத்துச் செல்லுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை, மேகசினை வெளியே எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கண்ணாலும் சுண்டுவிரல் நுனியாலும் நீங்களே உறுதி செய்துகொண்ட பின்பே தொடருங்கள். கடைக்காரர் சொல்லிவிட்டார் என்பது போதாது. பாதுகாப்பான திசையை நோக்கிப் பிடித்து, எத்தனை விரல்கள் பிடியில் முழுமையாக அமர்கின்றன என்று பாருங்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் அமர்ந்தால் நல்லது. இரண்டரை என்றால், மேகசின் அடியில் விரல் தாங்கி உள்ளதா என்று கேளுங்கள். இரண்டுதான் என்றால் அந்தத் துப்பாக்கியை ஏன் வாங்க வேண்டும் என்று உங்களையே கேளுங்கள்.

பிறகு கையைக் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். டீலர் அனுமதித்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். முடிந்ததும் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுப்பது மரியாதை. சித்திரை மாதத்தில் நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது உங்கள் கை இப்படித்தான் இருக்கும். ஐந்தாவது முறைக்குப் பின் வழுக்குகிறதென்றால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல. வால்தர் போன்றவற்றில், உயரமாகப் பிடிக்கும் கை சதைப்பற்றுள்ளதாக இருந்தால், பின்னுக்கு வரும் ஸ்லைடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தோலைக் கீறிவிடுவதுண்டு. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரக்கட்டைச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். துப்பாக்கி வாங்கிய பின் திருப்பிக் கொடுத்து மாற்றுவது நம் நாட்டில் எளிதன்று. தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு விற்பதற்கே 45 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே தவறை முன்கூட்டியே மரத்தில் செய்துவிடுவது மேல்.

என் நண்பருக்கு நான் செய்து கொடுத்தது இது. பழைய ரப்பர் மரப் பலகையிலிருந்து 25 மி.மீ. பருமனில் இரண்டு துண்டுகள். ஒன்று 170 மி.மீ. நீளத்தில், மற்றது 155 மி.மீ. நீளத்தில், ஒவ்வொன்றுக்கும் அதனதன் பிடி உயரத்தோடு, எல் வடிவில் வெட்டப்பட்டவை. பார்ப்பவர் யாரும் துப்பாக்கி என்று எண்ணிப் பயந்துவிடாதபடி, குழல் வாயோ, சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையோ செதுக்காமல், வெறும் கட்டையாகவே விட்டோம். குளச்சலில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி, பலகையில் துளையிட்டு உள்ளே அடைத்து மெழுகால் மூடினோம். சமையலறைத் தராசில் வைத்து, முதல் கட்டையை 720 கிராமுக்கும் இரண்டாவதை 640 கிராமுக்கும் கொண்டுவந்தோம். தோட்டா நிரப்பிய நிலையில் எடை ஏறத்தாழ அந்த அளவில் இருக்கும். ஈயக்குண்டு ஒவ்வொன்றாக உள்ளே போகப் போகக் கட்டையின் பாரம் பிடிப்பக்கம் சாய்ந்ததும், அவர் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒவ்வொரு கட்டையையும் ஒரு வாரம் இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடச் சொன்னேன். வீட்டிலும் தோட்டத்திலும் மட்டும்; சந்தையில் வேண்டாம். தோட்டத்தில் குனிந்து எழுவது, ஜீப்பில் ஏறி இறங்குவது, சாப்பிட உட்கார்வது, தரையில் சம்மணம் இடுவது, மதியத் தூக்கத்துக்கு முன் அவிழ்த்து வைப்பது என ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். பதினான்கு நாட்களுக்குப் பின் அந்த நோட்டில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். நீளமான கட்டை உறுத்தியதாக மூன்று இடங்களில் எழுதியிருந்தார். மூன்றும் ஜீப்பில் உட்காரும்போது. சட்டைக்கு மேல் தெரிந்ததாக மனைவி சொன்னது ஐந்து முறை. ஐந்திலும் தெரிந்தது பிடியின் கீழ் மூலை. குழல் பக்கம் எத்தனை நீளமானாலும் அது கால்சட்டைக்குள் தொடையோடு ஒட்டிக் கீழே போய்விடுகிறது. வெளியே துருத்துவது பிடி மட்டுமே. பி.பி. அளவுக்கும் பி.பி.கே. அளவுக்கும் இடையில் அந்த மூலை தெரிவதில் அவர் கண்ட வேறுபாடு சிறிது. உறையின் சாய்வைச் சற்று முன்னோக்கி மாற்றியதும் பெரியதே மறைந்துவிட்டது.

உடையும் உறையும்

நம் ஊரில் வேட்டி கட்டுபவர்கள் பலர் அகலமான பச்சை பெல்ட் ஒன்றை அணிவார்கள். பணம் வைக்கப் பையும் அதிலேயே உண்டு. அந்தப் பையில் துப்பாக்கி வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வைக்கக் கூடாது. அது துப்பாக்கிக்கென வடிவமைக்கப்பட்ட உறை அல்ல, விசையை மூடாது, சாவியும் சில்லறையும் விசைக்குள் நுழைய வழி உண்டு. வேட்டி அணிவதுதான் உங்கள் வழக்கமென்றால், உள்ளே அரைக்கால் சட்டை போட்டு, அதற்கு விறைப்பான பெல்ட் கட்டி, அதில் உறையைப் பொருத்துங்கள். மெல்லிய பெல்ட்டில் 700 கிராம் தொங்கினால் பிடி வெளிப்பக்கம் சாயும். சிறிய துப்பாக்கி வாங்கித் தீர்க்கப் பார்க்கும் சிக்கல்களில் பாதி, நல்ல பெல்ட் ஒன்றில் தீர்ந்துவிடும்.

உறை வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். விசைக்காப்பை, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தை, உறை முழுதும் மூடியிருக்க வேண்டும். துப்பாக்கியை எடுத்த பின்னும் உறையின் வாய் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தாலும் காலித் துப்பாக்கி விழக் கூடாது. மீண்டும் உறையில் வைக்கும்போது சட்டை நுனியோ வேட்டி மடிப்போ விசைக்குள் சிக்கிச் சுட்டுவிடும் ஆபத்து உண்டு என்பதால், துணியை மறு கையால் விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். வைப்பதில் ஒருபோதும் அவசரம் தேவையில்லை.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் முன்வயிற்றில் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. உட்காரும்போது குழல் தொடையையும் அடிவயிற்றையும் நோக்கித் திரும்புகிறது. வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது பொதுவாக உகந்தது. சேலை, சுடிதார் அணியும் பெண்களுக்கு இடுப்பு உறை பொருந்துவது கடினம். தோளில் குறுக்காக மாட்டும், துப்பாக்கிக்கெனத் தனி அறை கொண்ட பையையே பலர் விரும்புகிறார்கள். அப்படியானால் பிடியின் நீளம் ஒரு சிக்கலே அல்ல; காம்பேக்ட் அளவையே தயங்காமல் வாங்கலாம். ஆனால் அந்தப் பை உடலை விட்டு இறங்கவே கூடாது.

பழைய மாடல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எஃப்.என். 1910 போன்ற நூறாண்டுப் பழைமையான வடிவமைப்புகளில், கீழே விழுந்தால் சுடாமல் தடுக்கும் இன்றைய ஏற்பாடுகள் இல்லை. அவற்றைச் சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) காலியாக வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்புக்காற்றும் இரண்டு மழையும்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்யும் மாவட்டம் நம்முடையது. முட்டம், குளச்சல், சின்னமுட்டம் கரைகளில் கதவுக் கீல்கூட ஓராண்டில் துருவேறும். நான் ஊர் திரும்பிய முதல் ஆண்டில், என் பிஸ்டலைத் தோல் உறையோடு அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தேன். வந்து எடுத்தபோது மேலே நீலநிறப் பூச்சு பளபளப்பாகவே இருந்தது. பிடியின் பக்கத் தகட்டைத் திருகாணி கழற்றித் தூக்கியதும், உள்ளே இரும்பில் கேழ்வரகு தெளித்தது போலப் பழுப்புப் புள்ளிகள். ஆயுதங்களைப் பராமரிப்பதையே வேலையாகச் செய்தவன் இப்படி விட்டதற்காக அன்று மிகவும் வருந்தினேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பதனிடப் பயன்படுத்தும் பொருள்களும் இரும்பை அரிக்கும். எடுத்துச் செல்ல மட்டுமே உறை. சேமித்து வைக்க அல்ல.

அளவுத் தேர்வோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. சிறிய துப்பாக்கி உடலோடு அதிகம் ஒட்டுகிறது. வியர்வை அதிகம் படுகிறது. உள்ளே பாகங்கள் நெருக்கமாக இருப்பதால் சுத்தம் செய்வதும் கடினம். தினமும் மாலையில் உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுப்பாகி ஸ்லைடைத் தடுக்கும். மாதம் ஒருமுறை பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். உடலோடு ஒட்டி வியர்வை பட்ட தோட்டாக்களை ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியில் சுட்டுத் தீர்த்து, புதியவற்றை நிரப்புங்கள்.

எங்கே எடுத்துச் செல்லக் கூடாது

களியக்காவிளை தாண்டினால் கேரளம். உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் எல்லை தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், திருவனந்தபுரம் மருத்துவமனைக்கு அவசரமாகப் போகும்போதுகூடத் துப்பாக்கி கூட வரக் கூடாது. மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லை என்பது அன்றாடப் பாதையில் வருகிற இடம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேர்தல் காலத்தில் ஒப்படைக்க உத்தரவு வந்தால் உடனே ஒப்படைத்து ரசீது பெறுங்கள். வாக்குச்சாவடிக்கு அருகில் ஆயுதத்தோடு போவது தனிக் குற்றம். கோயில், பள்ளி, நீதிமன்றம், விமான நிலையம் ஆகியவற்றுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே பூட்டி வைத்துவிடுங்கள். அப்படிப் பட்டியல் போட்டுப் பார்க்கும்போது, வாரத்தில் உண்மையாகவே எடுத்துச் செல்லும் நாட்கள் இரண்டோ மூன்றோதான் என்று பலருக்குத் தெரியவரும். இரண்டு நாளுக்காக மிகச் சிறியதை வாங்கி, எல்லா நாளும் சிரமப்படுவது தேவையா என்று யோசியுங்கள்.

முடிவு செய்தல்

என் பரிந்துரை இதுதான். நாள் முழுவதும் சட்டைக்கு அடியில் முழுமையாக மூடி வைத்திருக்க முடிகிற துப்பாக்கிகளில், பிடி மிகப் பெரியது எதுவோ அதை வாங்குங்கள். சராசரி உடலமைப்புள்ள ஒருவருக்கு அது பி.பி. போன்ற காம்பேக்ட் அளவாகவே அமையும். மிக மெலிந்த உடலும் சிறிய உள்ளங்கையும் உள்ளவர்கள், மூன்று விரல்களும் அமரும் பட்சத்தில், பி.பி.கே. அளவுக்கு இறங்கலாம். ஸ்லைடு இழுக்கத் தடுமாறுபவர்கள் ரிவால்வருக்குப் போகட்டும். மாதம் ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் பயிற்சி செய்ய இயலாதவர்கள், எந்த அளவையும் எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது என்று மனமாரச் சொல்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. தேவைக்கு மீறிய பலத்தை அவை அனுமதிப்பதில்லை. அவற்றை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

பழைய துப்பாக்கியை வாங்குவதானால், வரிசை எண் உரிமத்தில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா, ஸ்லைடிலும் துப்பாக்கியின் உடற்சட்டகத்திலும் வெவ்வேறு எண் இருக்கிறதா, குழலுக்குள் குழிகள் உண்டா, மேகசினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். .32 ஏ.சி.பி. தோட்டாவின் அடிவிளிம்பு சிறிது வெளியே நீண்டிருப்பதால், மேகசினில் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பின்னால் மாட்டிச் சிக்கிக்கொள்வதுண்டு. நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதற்கு முன்னால் அமர்த்துங்கள். வாங்கியதும் உரிமத்தில் குறித்த நாட்களுக்குள் அலுவலகத்தில் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் சுவரோடு திருகி இணைத்த இரும்புப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறொரு பூட்டில். இரண்டு சாவிகளும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். என் நண்பர் கடைசியில் பி.பி. அளவையே வாங்கினார். அந்த ஈயம் அடைத்த கட்டைகளில் சிறியதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து யாரேனும் உரிமப் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்தால் கொடுப்பதற்காக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.